விரலில் பட்ட பந்தும் தாளில் விழுந்த எண்ணும்



ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உங்கள் தோட்டத்துத் திடலில் என்ன நடக்கும் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? ஒரு மூலையில் பையன்கள் காற்பந்து ஆடுவார்கள். கோயில் பக்கத்தில் கைப்பந்து வலை கட்டியிருக்கும். திருவிழாச் சமயமென்றால் சடுகுடு வேறு. கால் முறிந்தால் யாருடைய காரையாவது பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். விரல் மடங்கினால் மட்டும், "சுளுக்குத்தான், எண்ணெய் போட்டு உருவிவிட்டால் சரியாகிவிடும்" என்று பாட்டி சொல்வதோடு விஷயம் முடிந்துவிடுகிறது.

அப்படி முடியாமல் போன ஒரு விரலைப் பற்றித்தான் இந்த மாதம் எழுதப் போகிறேன்.

எங்கள் பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்து இடைநிலைப் பள்ளிக்குப் போன பையன். வயது 15. கோல் காப்பதில் கெட்டிக்காரன். ஒரு ஞாயிறு ஆட்டத்தில், வேகமாக வந்த பந்து அவனுடைய வலக்கை மோதிர விரலின் நுனியில் நேராகப் பட்டது. பெரிய வலி இல்லை, இரத்தமும் இல்லை. ஆனால் நுனிக்கணு தொங்கிவிட்டது. மறு கையால் தூக்கினால் நிமிரும், விட்டால் மறுபடியும் தொங்கும். மூன்று வாரம் உருவினார்கள். நான்காம் வாரம்தான் தகப்பனார் அவனைப் பட்டணத்திலுள்ள ஒரு தனியார் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் இவ்வளவு செலவாகியிருக்காதே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அதைத்தான் கேட்டேன். "இன்சூரன்ஸ் கட்டுறோமே சார், அதுக்குத்தானே?" என்றார்.

டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். எலும்பு முறியவில்லை. விரலை நிமிர்த்தி வைத்து ஒரு சிம்பு கட்டினார். மூன்று தடவை போய் வந்ததில், படம், டாக்டர் கட்டணம், சிம்பு எல்லாம் சேர்த்து 420 வெள்ளி ஆயிற்று. மாதாமாதம் பணம் கட்டி வரும் விபத்துக் காப்புறுதி இருக்கிறதே என்று தகப்பனார் படிவத்தைப் பூர்த்தி செய்து அனுப்பினார். ஆறு வாரத்தில் பதில் வந்தது. பணம் கிடையாதாம். இது விபத்தினால் உண்டான காயமல்ல, விரலின் உருக்கோணல் என்று மருத்துவப் படிவம் சொல்கிறதாம்.

ஆங்கிலக் கடிதம் வந்தால் தோட்டத்தில் வாத்தியாரிடம்தானே கொண்டுவருவார்கள்! படித்துப் பார்த்தேன். மருத்துவப் படிவத்தின் ஓரத்தில், சின்னதாக, 'எம் 20.0' என்று எழுதியிருந்தது. அது என்னவென்று எனக்கும் அப்போது தெரியாது. ஏதோ அறை எண் என்று நினைத்தேன்.

என்னிடம் படித்த ஒரு பெண் இன்று ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில் மருத்துவப் பதிவுப் பிரிவில் வேலை செய்கிறாள். அவளுக்குத் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னேன். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "சார், அது எம்-ல போயிருக்கு. எஸ்-ல போயிருக்கணும்" என்றாள். "எனக்குப் புரியும்படி சொல்லம்மா" என்றேன். ஒருகாலத்தில் நான் அவளுக்குப் பின்னக்கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். அன்று அவள் எனக்குப் பாடம் நடத்தினாள். அந்தப் பாடத்தை அப்படியே உங்களுக்குத் தருகிறேன்.

உலகத்திலுள்ள நோய்களுக்கும் காயங்களுக்கும் ஒரு பெரிய பட்டியல் இருக்கிறது. பிரான்சு நாட்டைச் சேர்ந்த ஜாக் பெர்த்தியோன் என்பவர் 1893-இல் மரணக் காரணங்களை வகைப்படுத்தி ஒரு பட்டியல் கொடுத்தார். அதுதான் இதற்கு வித்து. 1948-இல் ஆறாவது திருத்தத்தோடு உலகச் சுகாதார நிறுவனம் அந்தப் பொறுப்பை ஏற்றது. பத்தாவது திருத்தத்தை 1990-இல் ஏற்றுக்கொண்டார்கள். அதை ஐ.சி.டி.-10 என்று சொல்வார்கள். பதினோராவதும் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்துவிட்டது என்றாலும், நம் பையனின் தாளில் இருந்தது பத்தாவது பட்டியலின் எண்தான்.

இந்தப் பட்டியலில் ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் எழுத்து உண்டு. 'எம்' என்று தொடங்கினால் எலும்பு, மூட்டு, தசை ஆகியவற்றில் வரும் நோய்கள். மூட்டுவாதம், முதுகுவலி எல்லாம் அங்கேதான். 'எஸ்' என்று தொடங்கினால் உடம்பின் ஒரு பகுதியில் பட்ட காயம். அதில் எஸ் 60 முதல் எஸ் 69 வரை மணிக்கட்டுக்கும் கைக்கும் உரியவை. பையனுக்கு நேர்ந்ததை டாக்டர்கள் 'மாலட் ஃபிங்கர்' என்பார்கள். விரல் நுனியை நிமிர்த்தும் தசைநாண் அறுந்து, நுனி சுத்தியல் போலத் தொங்குவது. டாக்டர் அந்த இரண்டு சொல்லை மட்டும் எழுதியிருந்தார். பட்டியலின் அகராதியைப் புரட்டினால் அந்தப் பெயர் எம் 20.0-க்குத்தான், அதாவது விரலின் உருக்கோணலுக்குத்தான், கொண்டுபோய் விடும். எண் போட்ட குமாஸ்தாவின் மேல் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு முன்னால் இருந்தது தாள்தான். பையனும் இல்லை, பந்தும் இல்லை.

"டாக்டர் ஏன் பந்து பட்டதை எழுதவில்லை?" என்று தகப்பனாரைக் கேட்டேன். மனிதர் தலையைச் சொறிந்தார். "அவர் கேட்டாரு சார், எத்தனை நாளா இப்படி இருக்குன்னு. கொஞ்ச நாளா நிமிரல டாக்டர்னு சொன்னேன். பந்து பட்டதை எதுக்குச் சொல்லணும்? விரலைத்தானே பார்க்கப் போறாரு?"

வாசகர்களே, நம்மில் பத்துப் பேரில் எத்தனை பேர் இப்படித்தான் பேசுகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். டாக்டருடைய நேரத்தை வீணாக்கக் கூடாதென்று கதையை விட்டுவிட்டு வலியை மட்டும் சொல்கிறோம்.

எண் போடுகிறவர் தேடுவது அந்தக் கதையைத்தான். முதலில் என்ன காயம் என்று பார்ப்பார். விரல் கன்றிப் போயிருந்தால் எஸ் 60. தோல் கிழிந்த புண்ணுக்கு எஸ் 61. எலும்பு முறிவு எஸ் 62, அதிலும் கட்டை விரலுக்கு எஸ் 62.5, மற்ற விரல்களுக்கு எஸ் 62.6. மூட்டு பிசகினாலும் சுளுக்கினாலும் எஸ் 63. தசையோ தசைநாணோ அறுந்தால் எஸ் 66. ஒரே பந்து ஒரே விரலில் பட்டு இத்தனையில் எதை வேண்டுமானாலும் உண்டாக்கலாம். நம் பையனுக்கு எலும்பு முறியாமல் நிமிர்த்தும் தசைநாண் மட்டும் அறுந்ததால் எஸ் 66.3. அந்தத் தசைநாண் போகும்போது எலும்பிலிருந்து ஒரு சில்லைப் பெயர்த்துக்கொண்டு போயிருந்தால் அது முறிவாகி எஸ் 62.6 ஆகியிருக்கும். படம் எடுத்துப் பார்க்காமல் இதைச் சொல்ல முடியாது.

சடுகுடு ஆடுகிறவர்களுக்கு இதற்கு நேர்மாறான ஒன்று வரும். ஓடுகிறவனுடைய சட்டையைப் பிடிக்கும்போது விரல் துணியில் மாட்டிக்கொள்ளும், அவன் இழுத்துக்கொண்டு ஓடுவான். பெரும்பாலும் மோதிர விரல்தான் அகப்படும். விரலை மடக்கும் தசைநாண் அறுந்துபோகும். நுனியை மடக்கவே வராது. இது எஸ் 66.1. இதற்கு உருவலும் உதவாது, சிம்பும் உதவாது, அறுவைச் சிகிச்சைதான். நாள் தள்ளினால் அறுந்த முனை உள்ளங்கைப் பக்கம் சுருங்கிப் போய்விடும். அதனால், விளையாட்டில் அடிபட்ட விரல் தானாக நிமிராவிட்டாலும் தானாக மடங்காவிட்டாலும் அன்றைக்கோ மறுநாளோ டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றியும் கூறவேண்டும். நாம் தசைநாணையும் 'நரம்பு' என்றுதான் சொல்வோம். "கை நரம்பு அறுந்து போச்சு டாக்டர்" என்போம். பக்கத்தில் நிற்கிற தாதி அதை அப்படியே மொழிபெயர்த்தால் டாக்டர் காதில் உணர்ச்சி நரம்பு என்று விழும். அதற்கு வேறு எண், எஸ் 64. டாக்டர் சோதித்துப் பார்த்துத் திருத்திக்கொள்வார் என்றாலும், வீண் குழப்பம் எதற்கு? "விரல் நிமிரவில்லை", "விரல் மடங்கவில்லை", "விரலில் உணர்ச்சியில்லை" என்று கண்ணுக்குத் தெரிவதைச் சொல்லிவிட்டால் போதும். பெயர் வைப்பது அவர் வேலை.

காயத்தின் எண் போட்டபின் இரண்டாவது எண் ஒன்று உண்டு. அது எப்படி அடிபட்டது என்பதற்கு. விளையாட்டுச் சாமான் பட்ட காயத்துக்கு டபிள்யூ 21. பந்தும் ஹாக்கி மட்டையும் இதற்குள் அடங்கும். இன்னொருவர் மேல் மோதி அடிபட்டால் டபிள்யூ 51. அதன் பின்னால் ஓர் இலக்கம் இடத்தைக் காட்டும். விளையாட்டுத் திடல் என்றால் 3, வீடு என்றால் 0, பயிர் நிலம் என்றால் 7. அதற்கும் பின்னால், அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதற்கு ஓர் இலக்கம். விளையாட்டுக்கு 0, சம்பள வேலைக்கு 2. எல்லா இடத்திலும் இவ்வளவு விவரமாகப் போடுவதில்லை என்றும் அந்தப் பெண் சொன்னாள். ஆனால் போட வேண்டுமென்றால் உங்கள் வாயிலிருந்து வந்த செய்தி டாக்டரின் குறிப்பில் இருக்க வேண்டும். குறிப்பில் இல்லாததை எண் போடுகிறவர் ஊகித்துப் போடக் கூடாது. அது அவர்களுடைய கண்டிப்பான விதி. "விரல் வலி" என்று மட்டும் எழுதியிருந்தால் வலிக்குரிய எம் எண்தான் விழும்.

நம் பட்டியலில் வலக்கை இடக்கை என்ற பேதம் கிடையாது. அமெரிக்காவில் 2015 அக்டோபரிலிருந்து பத்தாவது பட்டியலைத் தங்களுக்கென்று விரித்து வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அங்கே ஏழு இடம் வரை எண் நீளும். எஸ் 62.636 ஏ என்றால் வலக்கைச் சுண்டுவிரலின் நுனி எலும்பு முறிந்து விலகியிருக்கிறது, தோல் கிழியவில்லை, சிகிச்சை நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தமாம்! நம்மிடம் அந்த வசதி இல்லாததால், எந்தக் கை, எந்த விரல் என்பது டாக்டர் கைப்பட எழுதிய வரியில்தான் நிற்கும். அதை எழுதியிருக்கிறாரா என்று பார்த்து வாங்குங்கள்.

இன்னொரு காயம் பலரை ஏமாற்றும். விழும்போது கையை ஊன்றி விழுகிறோம். மணிக்கட்டில், கட்டை விரலுக்குக் கீழே உள்ள குழியில் வலிக்கும். அங்கே படகு வடிவில் ஒரு சிறு எலும்பு இருக்கிறது. அது முறிந்தால் முதல் நாள் படத்தில் தெரியாமலும் போகலாம். டாக்டர் 'சுளுக்கு' என்று எழுதுவார், எஸ் 63.5 விழும். வலி தீரவில்லையென்றால் பத்து நாள், இரண்டு வாரத்தில் மறுபடி படம் எடுக்க வரச் சொல்வார்கள். நம்மவர்கள் போகமாட்டார்கள். "சுளுக்குன்னுதானே சொன்னாங்க!" அந்த எலும்புக்கு இரத்த ஓட்டம் குறைவு. கவனிக்காவிட்டால் ஒட்டாமலே போய், பால் வெட்டும் கைக்குப் பிடிப்பே இல்லாமல் ஆகிவிடும். இரண்டாம் தடவை போய் முறிவு என்று தெரிந்தால் எண் எஸ் 62.0 ஆக மாறும். அப்போது காப்புறுதிக்காரர் "முதலில் சுளுக்கு என்றீர்களே" என்று கேட்கக் கூடும். இரண்டு தாளும் கையில் இருந்தால் ஒரே விழுகைதான் என்று காட்டலாம். முதல் தாளைத் தொலைத்துவிட்டு வந்து நின்றால் நான் என்ன செய்வது?

கொஞ்சம் கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஞாயிறு கைப்பந்து ஆடி விரலை முறித்துக்கொண்ட ஒருவரிடம், "திங்கட்கிழமை வெட்டுக்காட்டில் விழுந்தேன்னு சொல்லு, சொக்சோவில் பணம் கிடைக்கும்" என்று கூட இருந்தவர்கள் யோசனை சொன்னார்கள். அவர் என்னிடம் வந்து கேட்டார். வேலை விபத்து என்றால், டாக்டர் குறைந்தது நான்கு நாள் எம்.சி. கொடுத்திருந்தால், சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு சொக்சோ கொடுக்கும். ஐந்து பேர் சாப்பிடுகிற வீட்டில் அது சிறிய தொகையா? அவருடைய கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனாலும் வேண்டாம் என்றேன். ஞாயிறு இரவே அவசரப் பிரிவில் "பந்து பிடிக்கும்போது" என்று அவரே சொல்லி, அது பதிவாகியிருந்தது. திங்கட்கிழமைக் கதை அந்த எண்ணின் முன்னால் ஒரு நிமிடம்கூட நிற்காது. பொய்யான கோரிக்கை குற்றமும் ஆகும். அவருக்கு என்மேல் வருத்தம்தான். கொஞ்ச நாள் என்னோடு பேசவில்லை. மறுபக்கமும் உண்டு. வேலையில் உண்மையாகவே விரல் போன ஒருவர், எப்படி என்று கேட்டதற்கு, வெட்கப்பட்டு "சும்மா விழுந்துட்டேன்" என்று சொல்லி, தனக்குச் சேர வேண்டியதற்கு நடையாய் நடந்ததையும் நான் பார்த்திருக்கிறேன்.

சரி, நம் பையனின் கதைக்கு வருவோம். தகப்பனாரும் நானும் அந்த மருத்துவமனைக்குப் போனோம். டாக்டரிடம் நடந்ததைச் சொன்னோம். எந்த ஞாயிறு, எந்தத் திடல், எந்த விரல், எத்தனை வாரம் கழித்து வந்தோம் என்று தேதிவாரியாகச் சொன்னோம். ஆட்டத்தன்று விரலைப் பிடித்துக்கொண்டு நின்ற அவனை ஒரு கூட்டாளி கைத்தொலைபேசியில் படம் எடுத்திருந்தான். அதில் தேதி இருந்தது. டாக்டர் கோபிக்கவில்லை. "இதை அன்றே சொல்லியிருக்கலாமே" என்றார். பந்து பட்டதால் தசைநாண் அறுந்தது என்று விளக்கி ஒரு கடிதம் கொடுத்தார். பதிவுப் பிரிவில் எண்ணையும் திருத்தினார்கள். எண்ணைத் திருத்தச் சொல்லி நாம் கேட்கக் கூடாது, உண்மையைச் சொல்லித்தான் கேட்க வேண்டும். திருத்துவது அவர்கள் பொறுப்பு.

அதை வைத்து நிறுவனத்துக்கு மறுமுறை எழுதினோம். அங்கேயும் மறுத்திருந்தால் நிதிச் சந்தைக் குறைதீர்ப்பு அமைப்புக்கு எழுதுவதாக இருந்தோம். 2025 ஜனவரி முதல் எஃப்.எம்.ஓ.எஸ். என்ற பெயரில் இயங்கும் அமைப்பு அது. பொதுமக்களிடம் அதற்குக் கட்டணம் வாங்குவதில்லை. அந்த அளவுக்குப் போகவில்லை. நான்கு மாதம் கழித்துப் பணம் வந்தது.

விரல்தான் முழுதாக வரவில்லை. அறுந்த அன்றே சிம்பு கட்டி, ஆறு முதல் எட்டு வாரம் ஒரு தடவைகூட மடங்காமல் வைத்திருந்தால் அநேகமாகச் சரியாகியிருக்கும் என்றார் டாக்டர். குளிக்கும்போது கழற்றி ஒரு தடவை மடக்கிவிட்டாலும் முதலிலிருந்து எண்ணத் தொடங்க வேண்டுமாம். பையன் எட்டு வாரமும் ஒழுங்காகக் கட்டியிருந்தான். ஆனால் முதல் மூன்று வாரம் எண்ணெயில் போனது போனதுதான். நுனி இன்னும் லேசாகத் தொங்குகிறது. எழுதத் தடையில்லை. கோல் காப்பதையும் விடவில்லை.

போன வாரம் அவனுடைய தங்கை பள்ளியில் வலைப்பந்து ஆடும்போது கட்டை விரலை மடக்கிக்கொண்டாள். தகப்பனார் ஆஸ்பத்திரி முகப்பிலிருந்தே எனக்குத் தொலைபேசி செய்தார். பின்னால் ஒரே சத்தம்.

"சார், இடது கை, கட்டை விரல், பள்ளித் திடல், பந்து பட்டது. எல்லாத்தையும் சொல்லிட்டேன். எதையாவது விட்டுட்டேனா?"

"எப்போது பட்டது என்று சொன்னீர்களா?"

"ஐயோ, இருங்க சார், டாக்டர் இன்னும் உள்ளேதான் இருக்காரு" என்று போனை வைத்துவிட்டார்.